பார்வையற்றோரின் வரலாற்றை யார் எழுதுவது?

பிரான்சின் நான்சி நகரில் 1803இல் பிறந்த தெரேஸ்-அடேல் ஹுசோன் என்ற பெண், ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே அம்மை நோயால் பார்வையை இழந்தார். 1825இல் தம் எண்ணங்களைப் பிறர் எழுத வாயால் சொல்லி, ஒரு சிறு நூலாக்கி, பாரிசிலிருந்த கேன்ஸ்-வேன் இல்லத்தின் இயக்குநருக்கு அனுப்பினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காக நிறுவிய இல்லம் அது. ஹுசோன் எதிர்பார்த்தது உதவி. அதற்காக அவர் எழுதியதோ, பார்வையற்றவர்கள் உலகை எப்படி அறிகிறார்கள், பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும், எதற்கு மகிழ்கிறார்கள், எங்கே அவமானப்படுகிறார்கள் என்ற ஆய்வுரை. கையெழுத்துப் படி இல்லத்தின் ஆவணங்களோடு ஆவணமாகக் கிடந்தது. எழுதியவர் 1831இல், இருபத்தெட்டு வயதில், தீக்காயத்தால் இறந்துபோனார்.

எழுதப்பட்டு ஏறத்தாழ 175 ஆண்டுகள் கழித்து அந்தப் படி ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. அதைப் பதிப்பித்தவர்கள் இருவர். ஒருவர் பிரான்சில் பார்வையற்றோரின் வரலாற்றை ஆராய்ந்த சீனா வேகான். மற்றவர் அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் கேத்தரின் கட்லிக். பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உடையவர். 2001இல் வந்த அந்த நூல், கட்லிக்கின் கல்வி வாழ்க்கையும் உரிமைப் பணியும் ஒன்றாகச் சேர்ந்த இடம். அவருடைய பயணத்தைப் பின்தொடர்ந்தால், மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மையும் தொடும் ஒரு கேள்விக்கு வந்து சேரலாம்: பார்வையற்றோரைப் பற்றி நம்மிடம் உள்ள ஏடுகள் யாருடைய கையால் எழுதப்பட்டவை? அந்த ஏடுகளை நம்பி அவர்களுடைய உரிமைகளைப் பேச முடியுமா?

கொள்ளைநோயிலிருந்து ஊனத்திற்கு

கட்லிக் ஊனத்தின் வரலாற்றாசிரியராகத் தொடங்கியவர் அல்லர். பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, 1989 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பிரெஞ்சு வரலாறு கற்பித்தார். 1996இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் பாரிசின் காலரா பற்றியது. 1832இல் காலரா வந்தபோது நகரமே நடுங்கியது. கலகமும் வதந்தியும் அரசியல் அச்சமும் நோயோடு சேர்ந்து பரவின. 1849இல் அதே நோய் அதே அளவுக்கு உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால் நகரம் அதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. இரண்டு கொள்ளைநோய்களையும் அருகருகே வைத்து, ஒன்றுக்கு ஏன் அத்தனை ஓசை, மற்றதற்கு ஏன் அத்தனை மௌனம் என்று அவர் கேட்டார்.

பின்னாளில் ஊனத்தின் வரலாற்றுக்கு அவர் கொண்டுசென்ற கேள்வியும் இதன் உறவுதான். ஊனமுற்றோர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். போர்க்களம், தொழிற்சாலை, கோயில் வாசல், அரண்மனை என்று அவர்கள் இல்லாத இடமே இல்லை. அப்படியிருந்தும் வரலாற்றுப் பாடநூல்களில் அவர்களைக் காணோம். 2003 ஜூன் மாதம் அமெரிக்க வரலாற்று அறிஞர்களின் முதன்மை ஆய்விதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் கட்லிக் இதை நேராக எடுத்துக்கொண்டார். இனம், வர்க்கம், பாலினம் ஆகியவற்றைக் கொண்டு கடந்த காலத்தை ஆராய்வதைப்போல ஊனத்தைக் கொண்டும் ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். யார் வேலைக்குத் தகுந்தவர், யார் குடியுரிமைக்கு உரியவர், யார் பராமரிப்புக்கு மட்டும் உரியவர் என்று ஒரு சமுதாயம் போடும் கோடு எங்கே விழுகிறது என்பதை ஊனம் காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

ஊனத்தை மருத்துவச் சிக்கலாகப் பார்த்தால் அதன் வரலாறு சிகிச்சைகளின் வரலாறாக முடியும். அறச்செயலுக்கான வாய்ப்பாகப் பார்த்தால் கொடையாளர்களின் வரலாறாக முடியும். சமுதாயம் தன்னை வகுத்துக்கொண்ட விதமாகப் பார்க்கும்போதுதான் அது பார்வையற்றவரின் வரலாறாகவும் மற்ற எல்லாருடைய வரலாறாகவும் ஆகிறது.

கயிறும் அற்புதமும்

நம் மரபு பார்வையற்றோரை மறந்த மரபன்று. அந்தகக்கவி வீரராகவ முதலியாரைத் தெரியும். மாம்பழக் கவிச்சிங்க நாவலரைத் தெரியும். ஒருவர் நடக்க மாட்டாதவர், ஒருவர் பார்வையற்றவர் என்று சேர்ந்தே திரிந்த இரட்டைப் புலவர்களின் கதைகளும் தெரியும். இவர்களை நாம் நினைவு வைத்திருப்பதெல்லாம் வியப்பின் வழியாகத்தான். கண்ணில்லாமலே இவ்வளவு பாடினாரே என்ற வியப்பு, அவர் எப்படிக் கற்றார், யார் படித்துக்காட்டினார்கள், வழிப்பயணத்தில் என்ன செய்தார் என்ற கேள்விகளைக் கேட்க விடுவதில்லை. விதிவிலக்கான ஒருவரைப் போற்றுவதும் மற்றவர்களை மறப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்று ஊன ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

பெரிய புராணத்துத் தண்டியடிகள் வரலாற்றை இந்த நோக்கில் மீண்டும் படித்துப் பார்க்கலாம். திருவாரூர்க் குளத்தைப் பெருக்க நினைத்த பார்வையற்ற அடியார் அவர். குளத்தின் உள்ளே ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே மண்ணைச் சுமந்து கொட்டினார். அதை எதிர்த்த மாற்றுச் சமயத்தவர்கள் அவருடைய மண்வெட்டியையும் கூடையையும் பறித்தார்கள். தறியையும் கயிற்றையும் பிடுங்கினார்கள். பிறகு அவர் கண் பெற்றார், எதிர்த்தவர்கள் பார்வை இழந்தார்கள் என்று கதை முடியும். நாம் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்தியது அந்த முடிவைத்தான். சமயப் பூசலின் சார்பு கதையில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. பார்வை இல்லாமலே ஒரு பெரிய வேலையைச் செய்ய ஒரு மனிதர் கண்டுபிடித்த முறையும், அந்த முறையைப் பிறர் பிடுங்கியபோது அவருக்கு நேர்ந்த தடையும் அங்கே பதிவாகியிருக்கின்றன. பக்திக்கு அற்புதம் வேண்டும். வரலாற்றாசிரியர் தேடவேண்டியது அந்தக் கயிற்றை. கண் தெரியாததால் அவர் வேலை நிற்கவில்லை; கயிறு போனதால்தான் நின்றது. ஊனம் உடலில் எவ்வளவு, சூழலில் எவ்வளவு என்ற இன்றைய விவாதத்தின் நடுப்புள்ளி இதுவே.

கட்லிக் இதே பாதையில் வெள்ளைத் தடியை எடுத்துக்கொண்டார். 2005இல் ஒரு பெண்ணிய ஆய்விதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, அமெரிக்காவில் வெள்ளைத் தடியோடு ஆண்மை, பெண்மை பற்றிய எண்ணங்கள் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று ஆராய்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்து திரும்பிய வீரர்களுக்குப் பயிற்சி தந்தபோதுதான் நீளமான தடியும் அதை வீசி நடக்கும் முறையும் உருவாயின. ஒரு தடியின் நீளத்திலும் போர், அரசு, மருத்துவம், சுயமரியாதை எல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதைக் காட்ட, அந்தத் தடியைத் தானும் கையில் எடுத்த ஒருவரின் அனுபவம் உதவியது.

நடத்துவது யார்?

பார்வையற்றோருக்காகப் பிறர் நடத்தும் அமைப்பு ஒரு வகை. பார்வையற்றோரே கூடி நடத்தும் அமைப்பு இன்னொரு வகை. உலகெங்கும் இவர்களின் இயக்க வரலாற்றில் ஓடும் பெரிய பிளவு இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு பத்திரிகைகளை ஒப்பிட்டு கட்லிக் எழுதிய ஆய்வு இந்தப் பிளவின் பிறப்பைக் காட்டுகிறது. ஒன்று பார்வையற்றோரே நடத்தியது. மற்றொன்று நலத்துறை வல்லுநர்களின் குரல். இரண்டும் முன்னேற்றத்தைத்தான் பேசின. ஆனால் முன்னேற்றம் என்பது உயர்கல்வியா கைத்தொழிலா, அதை யார் முடிவு செய்வது என்பதில் அவை வேறுபட்டன. நீடித்து நின்றது வல்லுநர்களின் பத்திரிகை.

பார்வையற்றோரின் அமெரிக்கத் தேசியக் கூட்டமைப்பை 1940இல் நிறுவிய ஜேகோபஸ் டென்புரூக்கும் கல்வியாளர்தான். சிறுவயதில் அம்பு பட்டதில் தொடங்கிப் பார்வையை இழந்த அவர், பெர்க்லியில் பேராசிரியரானார். அடிமை ஒழிப்பு இயக்கத்திலிருந்து அமெரிக்க அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் எப்படிப் பிறந்தது என்று அவர் எழுதிய 1951ஆம் ஆண்டு நூல் சட்ட வரலாற்றில் முக்கியமானது. கறுப்பின மக்களின் விடுதலை வரலாற்றில் தேர்ந்த அதே மனம், 1966இல் ஊனமுற்றோருக்கு உலகில் வாழும் உரிமை உண்டு என்று சட்டக் கட்டுரையாக எழுதியது. தெருவில் நடக்கும் பார்வையற்றவர் குழியில் விழுந்தால் குற்றம் அவருடையதா, குழியைத் திறந்து வைத்தவருடையதா என்பதே அந்தக் கட்டுரையின் அடிப்படைக் கேள்வி. கட்லிக்கும் டென்புரூக் நிறுவிய அந்தக் கூட்டமைப்போடு தொடர்பு உடையவர்.

இன்னொரு முன்னோடி பால் லாங்மோர். போலியோவால் பாதிக்கப்பட்ட அவர் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர். நூலுக்குக் கிடைக்கும் உரிமைத் தொகை வருமானமாகக் கணக்கிடப்பட்டால், மூச்சுக் கருவிக்கும் உதவியாளருக்கும் வரும் அரசு உதவி நின்றுவிடும் என்ற நிலை. 1988இல் லாஸ் ஏஞ்சலிசில் அரசு அலுவலகத்தின் முன் நின்று, பத்தாண்டு உழைப்பில் எழுதிய தம் நூலைத் தாமே தீயிட்டார். பிற்பாடு விதி தளர்த்தப்பட்டது. 2010இல் லாங்மோர் மறைந்தார். சான்பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய ஊன ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கியது. 2012இல் அதன் இயக்குநராக கட்லிக் பொறுப்பேற்றார்.

அங்கே அவர் செய்த பணிகளில் பெரியது, 1977ஆம் ஆண்டுப் போராட்டம் ஒன்றைப் பற்றி 2015இல் தொடங்கிய ஒரு கண்காட்சி. அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, அரசுப் பணம் பெறும் எந்த அமைப்பும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்றது. விதிகளில் கையெழுத்திடாமல் அரசு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 1977 ஏப்ரல் 5 அன்று ஊனமுற்றோர் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சான்பிரான்சிஸ்கோவின் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து அமர்ந்தார்கள். மூன்று வாரத்துக்கும் மேலாக நகரவில்லை. கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த மாதம் 28ஆம் நாள் அமைச்சர் கையெழுத்திட்டார். போராட்டத்தில் இருந்தவர்களின் வாய்மொழிகளைத் திரட்டி கட்லிக்கின் மையம் அமைத்த கண்காட்சியில், பார்வையற்றவரும் காது கேளாதவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் அனுபவிக்க முடிய வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே வடிவமைப்பின் பகுதியாக இருந்தது.

உரிமைப் பேச்சு ஆய்வைக் கெடுக்காதா?

ஒரு நியாயமான ஐயம் எழும். ஒரு தரப்பின் உரிமைக்காகப் போராடுபவர், அந்தத் தரப்பின் வரலாற்றை நடுநிலையோடு எழுத முடியுமா? இதற்கு விடை ஹுசோன் நூலிலேயே இருக்கிறது. அதில் போராளியின் குரலை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். பார்வையற்ற பெண்கள் திருமணம் செய்யாதிருப்பதே நல்லது, அதிலும் பார்வையற்றவரை மணப்பது கூடவே கூடாது என்று அறிவுரை சொல்கிறார் ஹுசோன். சமுதாயம் தம்மைப் பற்றி நினைத்ததையே பல இடங்களில் திருப்பிச் சொல்கிறார். பிறகு அவரே பியேர் ஃபூக்கோ என்ற பார்வையற்ற இசைக்கலைஞரை மணந்துகொண்டார். லூயி பிரெயிலோடு சேர்ந்து எழுதும் கருவி ஒன்றை உருவாக்கியவர் இந்த ஃபூக்கோ.

பதிப்பாசிரியர்கள் இந்த முரணை மறைக்கவில்லை. மையத்தில் வைத்து விவாதித்தார்கள். உதவி கேட்டு அதிகாரியின் முன் நிற்பவர், அந்த அதிகாரிக்குப் பிடித்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. அவர் எங்கே பணிகிறார், எங்கே பணிவது போல் காட்டித் தம் கருத்தைச் சொல்கிறார் என்று பிரித்துப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டும். அடக்குமுறையை உள்ளிருந்து அறிந்தவருக்கு அந்தப் பயிற்சி கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. முன்னோர்களையெல்லாம் வீரர்களாக்குவது உரிமைக்கு உதவாது. அவர்கள் மற்ற மனிதர்களைப்போலவே அச்சமும் ஆசையும் தந்திரமும் முரணும் உள்ளவர்கள் என்று காட்டுவதே சமத்துவத்துக்கு வலுவான சான்று.

பண்டமாரானும் பிரிக்பீல்ட்சும்

இனி நம் ஊருக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை வேலிக்குள் குடியமர்த்திப் புதுக்கிராமங்களை அமைத்தது காலனி அரசு. கிள்ளானை ஒட்டிய பண்டமாரானிலும் அப்படியொரு புதுக்கிராமம் எழுந்தது. அதே காலத்தில், 1951இல், சமூக நலத்துறையின் முயற்சியால் மலேசிய பார்வையற்றோர் சங்கம் பிறந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் அச்சங்கம் அமைத்த பயிற்சி மையம், 1951இல் சுட்டுக்கொல்லப்பட்ட உயர் ஆணையர் ஹென்றி கர்னியின் பெயரைப் பெற்றது. அதற்கு முன்பே மலாக்காவில் 1926இல் தொடங்கிப் பினாங்குக்கு இடம்பெயர்ந்த செயின்ட் நிக்கலஸ் இல்லமும், ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பெயரில் ஒரு பள்ளியும் இருந்தன.

பெயர்களைப் பாருங்கள்: ஓர் உயர் ஆணையர், ஓர் இளவரசி, ஒரு புனிதர். இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. பிரெயில் எழுத்து, கூடை பின்னுதல், தொலைபேசி இயக்கம், உடற்பிடிப்பு என்று பல தலைமுறைகள் அங்கே தொழில் கற்றன. இன்று துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்துகளில் உள்ள உடற்பிடிப்பு நிலையங்களும், அங்குள்ள அடுக்குமாடிகளில் குடியிருக்கும் பார்வையற்ற குடும்பங்களும் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. ஆனால் அந்த வரலாறு ஏட்டில் நிற்கும் விதம் வேறு. அடிக்கல் நாட்டியவர் யார், காசோலை கொடுத்தவர் யார், எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்பவை கிடைக்கும். கூடை பின்னப் பிடிக்காமல் விலகியவர், விடுதி விதியை எதிர்த்தவர், வீட்டார் மறுத்தும் மணந்துகொண்டவர் ஆகியோரின் சொல் கிடைப்பது அரிது.

இந்தக் குறை நம் சமூகத்துக்குப் புதிதன்று. தோட்டத் தொழிலாளர்களின் வரலாறும் முதலில் கம்பெனியின் கணக்கேட்டிலிருந்துதான் எழுதப்பட்டது. ஆள்கணக்கு, கூலி, பால்மர எண்ணிக்கை, நோய், ஓடிப்போனவர் பட்டியல் ஆகியவையே அதன் மூலங்கள். தோட்டத்து மக்களின் பாட்டும் பேச்சும் நினைவும் சேர்ந்த பிறகுதான் அது நம்முடைய வரலாறு ஆனது. தோட்டத்து மக்களைப் பலிகொண்ட சயாம் மரண ரயில் பாதையின் கதையும் அப்படித்தான் மீட்கப்பட்டது. தோட்டத்து ஏட்டில் நாம் காணும் குறையை, பார்வையற்றோர் இல்லத்து ஏட்டிலும் காணத் தெரிய வேண்டும்.

பார்வையற்றோர் தாமே இயங்கிய வரலாறும் மலேசியாவில் உண்டு. 1964இல் அவர்களே நடத்தும் தனிச் சங்கம் தோன்றியது. 1986இல் பல அமைப்புகளையும் இணைக்கும் தேசிய மன்றம் உருவானது. பார்வையற்ற பொருளியல் அறிஞர் இஸ்மாயில் முகமட் சாலே 2007இல் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 2009இல் மறையும்வரை ஊனமுற்றோரின் குரலாக இருந்தார். சக்கர நாற்காலியில் இயங்கிய பத்மாவதி கிருஷ்ணனும் பின்னர் மேலவையில் அமர்ந்தார். இவர்களின் வாழ்வை வாழ்த்துரையாக மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கதவை யார் திறக்க மறுத்தார்கள், எப்படித் திறக்கவைத்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

ஏனென்றால் அந்தப் பதிவுதான் சட்டத்துக்குத் தேவைப்படும் சான்று. மலேசியாவின் ஊனமுற்றோர் சட்டம், சட்டம் 685, 2008இல் நடப்புக்கு வந்தது. பொதுப் போக்குவரத்து, கட்டடங்கள், கல்வி, வேலை எல்லாவற்றிலும் சமவாய்ப்பை அது பேசுகிறது. ஆனால் அந்த உரிமையை மீறுபவருக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல், அரசுக்கும் அதன் அதிகாரிகளுக்கும் எதிராக வழக்குத் தொடுப்பதற்குத் தடுப்பாக 41, 42ஆம் பிரிவுகள் உள்ளன. 2010இல் மலேசியா ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோதும் சில விதிகளுக்கு விலக்கு வைத்துக்கொண்டது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆம் விதி சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. 2001இல் பாலினமும் சேர்ந்தது. ஊனம் இன்றும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இடைவெளி நடைமுறையில் என்ன செய்கிறது? பண்டமாரானில் வாழும் பார்வையற்ற இளைஞர் ஒருவர் பிரிக்பீல்ட்சுக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து நிலையம்வரை நடைபாதை வேண்டும். கிள்ளான் தடத்து கொமுட்டர் ரயிலில் வரும் அறிவிப்பு காதில் தெளிவாக விழ வேண்டும். கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கியதும் காலால் உணரும் மஞ்சள் வழித்தடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். 2010இல் லிட்டில் இந்தியாவாக அழகுபடுத்தப்பட்ட அதே வட்டாரத்தில் அந்தத் தடத்தின்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கும், கடைப் பெட்டி இருக்கும். சட்டம் உரிமை என்று சொல்லிவிட்டுக் கேட்கும் வழியைத் தராதபோது, அவரிடம் மிஞ்சுவது வேண்டுகோள் மட்டுமே. ஹுசோன் 1825இல் இயக்குநருக்கு எழுதியதும் வேண்டுகோள்தான்.

இந்தியாவின் அனுபவம் வேறு பாதையைக் காட்டுகிறது. 1980 மார்ச் 16 அன்று தில்லியில் வேலை கேட்டு ஊர்வலம் போன பார்வையற்றோர்மீது காவல்துறை தடியடி நடத்தியது. அந்த நாளை அவர்களின் அமைப்புகள் மறக்கவிடவில்லை. 1995இல் சட்டம் வந்தது. 2013இல் வேலை ஒதுக்கீட்டைக் கணக்கிடும் முறைபற்றி உச்ச நீதிமன்றத்தில் அவர்களின் தேசியக் கூட்டமைப்பு வென்றது. 2016இல் இன்னும் விரிந்த சட்டம் வந்தது. நடைமுறைக் குறைகள் அங்கும் ஏராளம். ஆனால் தாங்கள் போராடிப் பெற்றது என்ற நினைவு இருப்பவர்கள், பெற்றதைக் காக்கவும் நீதிமன்றம் போகிறார்கள்.

செய்யக்கூடியவை

பிரிக்பீல்ட்சின் முதல் தலைமுறைப் பார்வையற்றோரில் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். மலாய், தமிழ், சீன மொழிகளில் அவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய வேண்டிய காலம் இது. கேள்வி கேட்பவர்களிலும் ஆய்வை வழிநடத்துபவர்களிலும் பார்வையற்ற ஆய்வாளர்கள் இருக்க வேண்டும். தொகுப்பு ஒலியாகவும் பிரெயிலாகவும் திரைவாசிப்பானுக்கு ஏற்ற கோப்பாகவும் வெளிவர வேண்டும். பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களைத் தயாரிப்பதற்குப் பதிப்புரிமைத் தடையை நீக்கும் மாராகேஷ் உடன்படிக்கையில் 2022இல் மலேசியா இணைந்திருப்பதால், தமிழ்ப் பதிப்பாளர்களும் எழுத்தாளர் அமைப்புகளும் இதில் பங்கெடுக்கத் தடையில்லை. பல்கலைக்கழகங்களின் இந்திய ஆய்வியல், வரலாற்றுத் துறைகள் தோட்டப்புற ஆய்வில் பெற்ற அனுபவத்தை இங்கும் பயன்படுத்தலாம்.

ஆய்வேடு தனியாக ஒரு நடைபாதையையும் சீர் செய்துவிடாது. அதைச் செய்யச் சட்டத் திருத்தமும் நகராண்மையின் பொறுப்பும் வேண்டும். ஆனால் திருத்தம் கேட்டு நாடாளுமன்றக் குழுவின்முன் நிற்பவர் கையில், எழுபது ஆண்டுகளாக எது கேட்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, மறுத்தவர் சொன்ன காரணம் என்ன என்ற பதிவு இருந்தால், அவரை இரக்கம் தேடி வந்தவராக நடத்துவது கடினம். கட்லிக் வகுப்பறையிலும் ஆவணக் காப்பகத்திலும் கண்காட்சியிலும் செய்த வேலையின் பயன் அதுதான். அந்த வேலை மலேசியாவில் இன்னும் பெரும்பாலும் செய்யப்படாமலே இருக்கிறது. செய்வதற்கு வேண்டிய மனிதர்களோ, கிள்ளானிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.